மறதியும் இந்த நோய்தான்



கத்திரி ஒருவழியாக முடிந்தது. ஒத்தக்கடை நிறுத்தத்தில் மேலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் தலையில் போட்ட துண்டைத் தோளுக்கு இறக்கிவிட்டார்கள். யானைமலைதான் இன்னும் விடவில்லை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிவரை ஊர்மேல் இறக்கிக்கொண்டிருக்கிறது. இந்த வெயிலுக்கும் இம்மாதப் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம் வந்த தபாலில் ஒரு கடிதம் இருந்தது. எழுதியவர் நம் சுற்றுவட்டாரத்து வாசகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று கண்டுபிடிக்கப்பட்டு மருந்து எடுத்துவருகிறார். கடிதத்தில் ஒரு பகுதி இது:

"கால் மரத்துப்போவது, நடக்கும்போது தடுமாறுவது இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறேன். சின்னவன் ஸ்கூலில் நாளைக்கு என்ன கொண்டுவரச் சொன்னார்கள் என்று அவன் சொல்லி முடித்த அஞ்சாவது நிமிஷம் என்னிடம் இல்லை. அத்தை, 'புத்தி எங்கே மேயுது?' என்கிறார். டாக்டர் காலைத் தட்டிப் பார்க்கிறார், கண்ணைப் பார்க்கிறார். மறதியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இது அந்த நோயால்தானா, இல்லை நான்தான் சரியில்லையா?"

பெரும்பாலும் நோயால்தான் அம்மா. உங்கள் மேல் பிழை இல்லை. பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். அது எப்படி என்பதைச் சொல்லத்தான் மீதிப் பக்கம். இதை உங்கள் அத்தைக்கும் வாசித்துக் காட்டினால் நல்லது. அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோய் என்ன என்பதை முதலில் நாலு வரியில் முடித்துவிடுகிறேன். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஓர் உறை உண்டு. மயலின் என்று பெயர். அது இருக்கும்வரை சேதி விரைவாகப் போகும். கிருமியோடு சண்டைபோட வேண்டிய நம் நோய் எதிர்ப்புச் சக்தியே திசைமாறி இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். எங்கே உறை கழன்றதோ அங்கே போக வேண்டிய சேதி தாமதிக்கும், அல்லது நின்றே போகும். அது பார்வை நரம்பானால் கண் மங்கும், தண்டுவடமானால் கால் மரக்கும். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும். தொற்றாது. ஒருவரைத் தொட்டதால், சேர்ந்து சாப்பிட்டதால் வராது.

நம் பக்கம் இது அரிதுதான். மங்களூரு நகரில் எடுத்து 2014-இல் வெளியான கணக்கெடுப்பில் லட்சத்துக்கு எட்டுப் பேருக்குச் சற்றுக் கூடுதல் என்று வந்தது. முப்பது லட்சம் பேர் வாழும் மதுரை மாவட்டத்துக்கு அதை அப்படியே பொருத்தினால் இருநூற்றைம்பது பேர் வரலாம். ஒரு கடலோர நகரத்தின் கணக்கை இங்கே அப்படியே பொருத்துவது சரியில்லைதான். நிலைமையின் அளவு பிடிபடட்டும் என்றுதான் சொல்கிறேன். இருநூற்றைம்பது பேர் என்றால் ஒரே கல்யாண வீட்டில் கூடி நிற்கும் கூட்டம் அல்ல. மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஒரு கூட்டம். ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை வியாதி தெரியும், ரத்தக் கொதிப்பு தெரியும். இதன் பெயரே தெரியாது. அதனால்தான் நம் வாசகி தன் மறதியைத் தன் குணக்கேடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோய் பலருக்குக் கண்ணில்தான் முதல் அடையாளம் காட்டும். ஒரு கண்ணில் பார்வை சில நாட்களுக்குள் மங்கும், கண்ணை உருட்டினால் வலிக்கும், சிவப்பு நிறம் வெளுத்துத் தெரியும். நம் ஊரில் கண் மங்கினால் யாரும் நரம்பு டாக்டரிடம் ஓடுவதில்லை, அரவிந்துக்குத்தான் போவோம். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு தொடங்கிய அந்த மருத்துவமனையில் நரம்பியல் கண் மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கண்ணில் தொடங்கி எம்.ஆர்.ஐ. வரை போய், பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவுக்கு வந்து சேர்வது இங்கே நடக்கக்கூடிய பாதை. அந்தப் பாதை நெடுகக் கண்ணைச் சோதிப்பார்கள், காலைச் சோதிப்பார்கள். நினைவைச் சோதிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் பக்கவாட்டு மடலில், அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாகச் சுருண்டு கிடக்கிறது ஹிப்போகேம்பஸ். 1587-இல் அரான்சி என்ற இத்தாலிய உடற்கூற்று மருத்துவர் அதன் வளைவைப் பார்த்துக் கடல்குதிரையின் பெயரை வைத்தார். மண்டபம், தொண்டிப் பக்கம் வலையில் ஏறுகிற அதே கடல்குதிரைதான். சுண்டுவிரல் அளவே உள்ள அந்த உறுப்பு என்ன செய்கிறது என்பது உலகத்துக்குப் புரிந்தது ஒரு விபரீதத்தால்.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்குத் தீராத வலிப்பு. 1953-இல் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் வலிப்பை நிறுத்துவதற்காக அவருடைய இரண்டு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து மொலைசனுக்குப் புதிதாக நடந்த எதுவும் மனத்தில் தங்கவில்லை. காலையில் பார்த்த மருத்துவரை மத்தியானம் புதிய ஆளாக வரவேற்பார். சிறுவயது ஞாபகம் இருந்தது, பேச்சு இருந்தது, அறிவு குறையவில்லை, கேலி கிண்டல்கூட இருந்தது. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைப் பல வருடங்கள் ஆராய்ந்தார். ஸ்கோவிலும் அவரும் 1957-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் நினைவைப் பற்றிய இன்றைய அறிவியல் கிளைத்தது. மொலைசன் 2008-இல் தம் 82-ஆவது வயதில் இறந்தார். உயிரோடு இருந்தவரை மில்னர் யார் என்பது அவருக்குத் தெரியாது.

பத்திரப் பதிவு ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். நிலம் அங்கே இல்லை. நிலம் ஊரில் கிடக்கிறது. ஆனால் கிரயம் அங்கே பதிவாகி எண் விழுந்தால்தான் நாளைக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்க முடியும். ஆபீஸ் இன்று பூட்டிக் கிடந்தால் தாத்தா காலத்துப் பத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. இன்று காலையில் நடந்த கிரயம்தான் கணக்கில் ஏறாது. ஹிப்போகேம்பஸ் பார்க்கிற வேலை ஏறக்குறைய அதுதான். நம் வாசகிக்குத் தன் கல்யாணத்தில் யார் என்ன மொய் எழுதினார்கள் என்பது தெரிகிறது, அடுப்பில் வைத்த பால் தெரியவில்லை. வீட்டில் இதைப் பார்த்துத்தான், 'பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு, வேலைன்னா மட்டும் மறந்துபோகுது' என்கிறார்கள். பொய் சொல்வதற்கான அடையாளமாக வீட்டார் எடுத்துக்கொள்வது, உண்மையில் நோய் எந்த இடத்தைத் தொட்டிருக்கிறது என்பதைக் காட்டும் அடையாளம்.

எம்.எஸ். வந்தவர்கள் யாரும் மொலைசன் ஆகிவிடுவதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாராவது ராத்திரி தூங்காமல் கிடப்பார்கள். அவருக்கு நடந்தது ஏறக்குறைய முழு இழப்பு. இங்கே நடப்பது பகுதி இழப்பு. சிலருக்கு லேசாக, சிலருக்குச் சற்றுக் கூடுதலாக, சிலருக்கு இல்லவே இல்லை.

இந்த மறதி நேற்றுக் கண்டுபிடித்த ஒன்றல்ல. பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற மருத்துவர் 1868-இல் இந்த நோயை முதன்முதலாக முழுமையாக விவரித்தபோதே, நோயாளிகளின் நினைவு தளர்வதையும் எண்ணம் மெதுவாக உருவாவதையும் எழுதிவைத்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக இது கை கால் நோய் என்றே பாடம் நடந்தது. 1991-இல் ஸ்டீபன் ராவ் என்ற அமெரிக்க நரம்பு உளவியலாளர், மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர்களை விட்டுவிட்டு ஊருக்குள் வாழும் எம்.எஸ். நோயாளிகள் நூறு பேரையும் நோயில்லாத நூறு பேரையும் உட்காரவைத்துச் சோதித்தார். நோயாளிகளில் 43 சதவீதம் பேருக்கு நினைவிலோ கவனத்திலோ யோசனை வேகத்திலோ குறை தெரிந்தது. அதற்குப்பின் வந்த ஆய்வுகள் நாற்பதிலிருந்து அறுபத்தைந்து சதவீதம் வரை சொல்கின்றன. பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பாதிப் பேருக்கு இருக்கும் ஒரு தொல்லையை ஒருவரும் கேட்பதில்லை என்றால் அதை என்னவென்று சொல்வது!

ஹிப்போகேம்பஸுக்கு உள்ளே என்னதான் நடக்கிறது? இங்கேதான் விஷயம் எனக்குச் சுவையாகப் படுகிறது. எம்.எஸ். என்றால் மூளையின் வெள்ளைப் பகுதியில், நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடும் இடத்தில், வெள்ளைத் திட்டுகள் தெரியும், அதைத்தான் எம்.ஆர்.ஐ. படத்தில் டாக்டர் விரல் வைத்துக் காட்டுவார். நரம்பு அணுக்கள் குவிந்திருக்கும் சாம்பல் பகுதியிலும், அதைச் சேர்ந்த ஹிப்போகேம்பஸிலும், உறை அழிவது வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் சரியாகத் தெரியாது. 2007-ஐ ஒட்டி, இறந்தபின் தானமாகக் கிடைத்த மூளைகளை நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெட்டிப் பார்த்தபோதுதான் ஹிப்போகேம்பஸில் எவ்வளவு பரவலாக உறை அழிந்திருக்கிறது என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நான்சி சிக்கோட்டே குழுவினர் உயிரோடு இருக்கும் நோயாளிகளின் ஹிப்போகேம்பஸை நுணுக்கமாகப் படமெடுத்து அளந்தார்கள். நோய் விட்டுவிட்டு வரும் கட்டத்திலேயே அதன் ஒரு பகுதி சுருங்கத் தொடங்கியிருந்தது. நோய் முற்றியவர்களுக்குச் சுருக்கம் மற்றப் பகுதிகளுக்கும் பரவியிருந்தது. சுருக்கம் கூடியவர்கள் சொற்பட்டியலை நினைவில் வைக்கும் சோதனையில் பின்தங்கினார்கள்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரஞ்சன் தத்தாவும் புரூஸ் டிராப்பும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போனது. உறை அழிந்த ஹிப்போகேம்பஸில் நரம்பு அணுக்கள் செத்துக் கிடக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. அணுக்களில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன. குறைந்திருந்தது அவற்றுக்கு இடையிலான இணைப்புகள். ஓர் அணு இன்னொன்றுக்குச் சேதி கொடுக்கும் சந்திப்புகள். கற்பதற்கும் நினைவு பதிவதற்கும் தேவையான புரதங்களும் குறைந்திருந்தன. அதே குழு 2013-இல் இன்னொன்றைக் காட்டியது. சோதனைச் சாலையில் உறையை அழித்த எலிகளுக்கு, தண்ணீர்த் தொட்டியில் ஒளித்துவைத்த மேடையைத் தேடிப்போகும் வழி மறந்தது. உறை மீண்டும் வளர்ந்தபோது இணைப்பில் வந்திருந்த மாற்றங்களும் சரியாகத் தொடங்கின.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். உறையை மீண்டும் வளர்க்கிற மருந்து இன்றுவரை கடைக்கு வரவில்லை. ஆனாலும் அணு இருக்கிறது, இணைப்புதான் போனது என்ற செய்தியில் எனக்கு ஒரு தெம்பு கிடைக்கிறது. அழிந்த வீட்டைக் கட்டுவது வேறு. ஆள் இருக்கிற வீட்டுக்குப் போக்குவரத்தைச் சரிசெய்வது வேறு.

வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய இடம் இதுதான். நியூஜெர்சியில் ஜான் டெலூக்கா குழுவினர் 1994-இல் செய்த ஒரு சோதனை. எம்.எஸ். உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே சொற்பட்டியலைக் கற்றுக்கொடுத்தார்கள். பட்டியல் முழுதாக மனத்தில் ஏறும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நோயுள்ளவர்களுக்கு அதிகத் தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் ஏறிய பிறகு, நேரம் கழித்துக் கேட்டபோது, அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே திருப்பிச் சொன்னார்கள். பலருக்கு, குறிப்பாகத் தொடக்க காலத்தில், கோளாறு எடுப்பதில் இல்லை, ஏறுவதில்தான். மூளையின் நீண்ட பாதைகளில் உறை போனதால் எதையும் வாங்கிக்கொள்ளும் வேகம் குறைகிறது. பதிவு செய்யும் இடமும் தளர்ந்திருக்கிறது. இந்த நிலையில் ஒருவரிடம், அடுப்படியில் மிக்ஸி ஓடும்போது, டி.வி. அலறும்போது, வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே மூன்று வேலையைச் சொல்லிவிட்டுப் போனால் அது எங்கே பதியும்?

சத்தத்தைக் குறையுங்கள். முகம் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு நேரத்துக்கு ஒன்று. சொன்னதை அவர் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லவிடுங்கள். கொஞ்சம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். நாமே சொல்லிப் பார்ப்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதும் நினைவைக் கெட்டிப்படுத்தும் என்பது எம்.எஸ். நோயாளிகளிடமே சோதித்துத் தெரிந்தது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு இது தெரிந்துதான் இருந்தது. அவர் பிரம்பையும் சேர்த்துக்கொண்டார்; நமக்கு அது வேண்டாம்.

நியூஜெர்சியில் உள்ள கெஸ்லர் அமைப்பில் நான்சி கியாராவலோட்டி என்ற ஆய்வாளர் இதை ஒரு பயிற்சியாகவே ஆக்கினார். 86 பேர் பங்கேற்ற ஆய்வு 2013-இல் வந்தது. பத்து அமர்வுகள். முதலில் ஒரு கதையைக் கேட்டு அதை மனக்கண்ணில் படமாக ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்து, நினைவில் வைக்க வேண்டிய சொற்களைக் கோத்துத் தாமே ஒரு கதை கட்ட வேண்டும். பயிற்சி எடுத்தவர்களுக்குக் கற்கும் திறன் கூடியது. மளிகைச் சீட்டைக் கதையாக்குவதில் நம் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். துவரம்பருப்பு, கருப்பட்டி, விளக்குத்திரி, சின்னவனுக்கு அட்டை என்று இருந்தால், சின்னவன் அட்டையை விசிறியாக்கி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கருப்பட்டியைத் தேடிப் பருப்பைக் கொட்டியதாக ஒரு கதை. சிரிப்பு வந்தால் இன்னும் நன்றாகத் தங்கும்.

எழுதி வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. போனில் அலாரம், காலண்டர் தாளில் குறிப்பு, மாத்திரைக்குக் கிழமை போட்ட டப்பா, சாவிக்கு ஒரே ஆணி. கைத்தடியைப் போல இவையும் துணைதான். கைத்தடியை யாரும் குறை சொல்வதில்லை.

இப்போது வெயில். உடம்புச் சூடு சற்று ஏறினாலும் உறை கழன்ற நரம்பில் சேதி தடுமாறும். 1890-இல் உட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், உடம்பை வருத்தி வேலை செய்தபின் நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதினார்; ஒருகாலத்தில் நோயாளியைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்துத்தான் இந்த நோயைச் சோதித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெளி வெயில் கூடிய நாட்களில் எம்.எஸ். உள்ளவர்கள் நினைவு, வேகச் சோதனைகளில் குறைவாக வாங்குகிறார்கள் என்று 2012-இல் டெலூக்காவும் கியாராவலோட்டியும் இடம்பெற்ற குழு காட்டியது. அது நியூஜெர்சி வெயில். நம் சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை வரை நெரிசல் பஸ்ஸில் நின்று வந்த ஒருவர், வீட்டுக்கு வந்ததும் எதற்குப் போனோம் என்பதையே மறந்தால் வியப்பென்ன? உடம்பு ஆறினால் இந்தத் தடுமாற்றம் போய்விடும். புதிதாக நரம்பு கெட்டதாக அர்த்தமில்லை. கத்திரியில் வெளிவேலையைக் காலை எட்டு மணிக்குள் முடிப்பது, கழுத்தில் ஈரத் துண்டு, இரண்டு வேளைக் குளியல், கூடவே ஒரு பாட்டில் தண்ணீர் என்று பழகிக்கொள்ளலாம். முக்கியமான முடிவு, கணக்கு வழக்கு, கையெழுத்து எதையும் மத்தியானம் இரண்டு மணிக்கு வைக்காதீர்கள்.

டாக்டர்கள் ஏன் கேட்பதில்லை என்பதற்கு ஒரு காரணம் அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல். ஜான் குர்ட்ஸ்கி என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1983-இல் வெளியிட்ட அளவுகோல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை. நடுவில் உள்ள எண்களை முடிவு செய்வது நடை: துணையில்லாமல் 500 மீட்டர் நடப்பவருக்கு ஓர் எண், 300 என்றால் அடுத்தது, 200, 100 என்று ஏறும். கால் நன்றாக இருந்து நினைவு தளர்ந்தவர் இந்தக் கணக்கில் ஏறக்குறைய சுகமானவர். அவருக்கு வேலை போயிருக்கலாம், கடையில் கல்லாக் கணக்குத் தப்பியிருக்கலாம். எண்ணில் அது தெரியாது. வெளிநோயாளிப் பிரிவில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது நினைவுச் சோதனைக்கு நேரம் எங்கே என்று டாக்டர்கள் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. அதற்காகவே குறியீட்டுக்கு எண் பொருத்தும் சோதனை, சொற்பட்டியல், படத்தை நினைவில் வைத்து வரைவது என்று மூன்றையும் சேர்த்துக் கால் மணி நேரத்தில் முடிகிற ஒரு சோதனைத் தொகுப்பை 2012-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பரிந்துரைத்தார்கள். முதல் சோதனைக்கு ஒன்றரை நிமிடம் போதும். நோய் கண்டுபிடித்த வருடமே ஒருமுறை செய்து வைத்துவிட்டால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லா மறதியையும் நோயின் தலையில் கட்டிவிடவும் கூடாது. தூக்கமின்மை, மனச்சோர்வு, பி12 குறைவு, தைராய்டு, சிறுநீர் அவசரத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் எல்லாமே நினைவை மந்தமாக்கும். இவை சரிசெய்யக் கூடியவை. அதனால்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மனச்சோர்வு எம்.எஸ். உள்ளவர்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது. அதற்கும் ஹிப்போகேம்பஸுக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன.

நினைவு மாத்திரை ஏதாவது உண்டா என்று அடுத்த கடிதம் வரும். அல்சைமருக்குக் கொடுக்கும் டோனபெசில் மருந்தை எம்.எஸ். மறதிக்குப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2011-இல் வந்த முடிவு, பயனில்லை. வல்லாரைத் துவையல் எனக்கும் பிடிக்கும், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதை நம்பி எம்.எஸ்.ஸுக்குப் போடும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நோயின் தாக்குதலைக் குறைக்கும் மருந்துகளைத் தொடக்கத்திலேயே ஆரம்பித்து விடாமல் எடுப்பதுதான் மூளையைக் காக்க இன்று நம்மிடம் உள்ள பெரிய வழி. விலைதான் மலைக்க வைக்கும். நிணநீர்ப் புற்றுநோய்க்கென்று வந்த ரிட்டுக்சிமாப் நம் நாட்டில் பல நரம்பியல் மருத்துவர்கள் எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் மருந்து. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காக அதையும் இன்னும் இரண்டு மருந்துகளையும் சேர்த்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் கேட்பதற்கு அது ஒரு பிடி.

நடக்க முடிகிறவர்கள் நடக்க வேண்டும். நோயில்லாத முதியவர்கள் 120 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஒரு வருடம் ஒழுங்காக நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் இரண்டு சதவீதம் வளர்ந்திருந்தது. எம்.எஸ்.ஸில் அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லும் பெரிய ஆய்வு இல்லை. நடப்பதால் தூக்கமும் மனமும் தேறும் என்பதில் சந்தேகமில்லை. நரசிங்கம் பக்கம் யானைமலை அடிவாரத்தில் விடிகாலை ஐந்தரைக்குக் காற்று நன்றாக இருக்கிறது. பிசியோதெரபிஸ்டைக் கேட்டுக்கொண்டு, ஓர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

காகித விஷயம் ஒன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று. அரசுத் தாள்களில் தண்டுவட மரப்பு நோய் என்று இருக்கும். சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதப் பராமரிப்பு உதவித்தொகையின் அளவும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரில் கேட்பது நல்லது. 1985-இல் மும்பையில் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. இதே நோயோடு வாழும் இன்னொருவரிடம் பேச விரும்பினால் அங்கே தொடங்கலாம்.

மே 30 உலக எம்.எஸ். நாள். அதற்கு விழா எடுக்கச் சொல்லவில்லை. நம் வாசகிக்கும், அவரைப்போல இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் எந்தெந்த நேரம் என்னென்ன மறந்தது என்று ஒரு வாரத்துக்குச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கால், கண் எல்லாம் சொல்லி முடித்ததும் அந்தச் சீட்டை டாக்டர் மேசைமேல் வையுங்கள். கூடப் போகிறவர் எழுந்துவிடாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, வீட்டில் பார்த்ததைச் சொல்லட்டும். என்ன பதில் கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். பெயர் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்
ஒத்தக்கடை